இட்லியும் ஊக்கும்

விழாத் தலைவர் பலவேசம் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திப் பூரித்து அமர்ந்திருக்கும் விழா நாயகர், தொக்கம் எடுப்பதில் தேர்ந்த சுருளியாண்டி பெரியப்பா அவர்களே, ஊர்ப் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, வணங்குகிறேன்.

மைக்கைப் பிடிப்பது இதுவே முதல் முறை. என் தம்பி மதன்குமாரைப் பெரியப்பா காப்பாற்றினாராம். அதற்கு நன்றி சொல்ல என்னை மேடை ஏற்றிவிட்டீர்கள். சொல்கிறேன்.

மூன்று வயதுத் தம்பி சோற்றைக் கண்டால் அழுதான், தண்ணீரைத் துப்பினான், வாயோரம் எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. தின்றது தொண்டையில் சிக்கியிருக்கிறது, தொக்கமேதான் என்று தெருவே தீர்ப்பெழுதியது. பெரியப்பா வந்தார். கழுத்தை நீவினார், அமுக்கினார், வயிற்றின் மேல் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினார். உள்ளங்கையில் துப்பிக் காட்டினார், இட்லித் துண்டு!

"மொக்கம்மா, இட்டிலிதேன் அடைச்சுக் கெடந்துச்சு. இனி எலும்பக்கூடக் கடிப்பான்" என்றார் அம்மாவிடம்.

என்ன அருமை! என்ன ஆற்றல்! குழாய் உள்ளே போகவே இல்லை, இட்லி மட்டும் வெளியே வந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் இட்லியே அவிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. சிரிக்காதீர்கள் பெரியோர்களே, அன்று வாய்பிளந்து நின்றவர்களும் நீங்கள்தான்.

மறுநாளும் எச்சில் நிற்கவில்லை. மதுரைக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் தொண்டைக்குள் தெரிந்தது ஊக்கு. அம்மா சேலையில் குத்தும் ஊக்கு, வாய் திறந்தபடி!

"புள்ள கழுத்த யாரு அமுக்குனது?" என்று கேட்டார் டாக்டரம்மா. அம்மா என்னைப் பார்த்தார். "தொக்கம் எடுத்தோம்" என்றேன் நான்.

அங்கேயும் ஒரு குழாய்தான். பிள்ளையைத் தூங்கவைத்து, விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயை வாய்வழியே இறக்கினார்கள். எண்டோஸ்கோப்பியாம். கத்தி வைத்தார்களா? இல்லை. தையல் போட்டார்களா? இல்லை. குழாய் வழியே விட்ட இடுக்கியால் ஊக்கைப் பிடித்து வெளியே எடுத்தார்கள். இதோ, என் கையில்.

"ரெண்டு கொழாயும்தான உதவுச்சு" என்கிறார் அங்கே ஓர் அண்ணன். உண்மைதான் அண்ணே. ஒன்று ஊக்கை எடுக்க உதவியது, மற்றதோடு வந்த அமுக்கல் ஊக்கு இன்னும் ஆழமாகக் குத்த உதவியது.

மூன்றாம் வரிசையில் ஜோதிலட்சுமி அக்கா. மடியில் கிடக்கும் பிள்ளை காலையிலிருந்து எதையும் விழுங்கவில்லையாம். விழா முடிந்ததும் தொக்கம் எடுக்கக் காத்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் வாயோரம் வடிவது என்ன? எங்கள் வீட்டில் வடிந்த அதே எச்சில்! எந்திரிங்கக்கா. தலைவரின் கார் மேடைக்குப் பின்னால் நிற்கிறது, மதுரைக்குப் போய்விடலாம்.

கேட்காமலே கார் தந்த தலைவருக்கு நன்றி. சாவியைத் தேடுகிறார், சட்டைப்பையில்தான் ஐயா இருக்கிறது. அக்காவுக்கு வழிவிட்டு எழுந்த தாய்மார்களுக்கு நன்றி. பெரியப்பா அவர்களே, உங்கள் பொன்னாடை நழுவுகிறது. குத்திக்கொள்ள இந்த ஊக்கை வைத்துக்கொள்ளுங்கள். வருகிறேன், வணக்கம்.