ஆடு தின்ற சுவர்

எங்கள் வீட்டுப் பலகைச் சுவரில் விழுந்த விரிசலை எதைக் கொண்டு அடைப்பது? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க சுவத்தை ஆடு தின்னுடுச்சுக்கா.”

“பலகைச் சுவத்தையாடி?”

“விரிசல்ல குளிர் காத்து வருதேன்னு மீந்த ராகிக் களியை அப்பினேன். காஞ்சு கல்லாட்டம் நின்னுச்சு. ஆடு வெளியில நின்னே நக்கித் தீர்த்துடுச்சு.”

“புளியங்கொட்டைப் பசையில மரத்தூளைக் குழைச்சு அடைக்கிறதுதானே?”

“முதல்ல அதைத்தான் வச்சேன். எலி தின்னுடுச்சு.”

“உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?”

“எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையின்னாரு.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பிறகுதான் பயந்தேன். குழந்தையின் தொட்டிலருகே இருக்கும் விரிசலை முந்தின நாள்தான் களியால் அடைத்திருந்தேன். எங்களிடம் ஆடு இல்லை. பக்கத்து வீட்டில் மூன்று இருக்கின்றன. ஆடும் எலியும் தொடாத பசை எதுவென்று தெரிந்தவர்கள், பனிக்காலத்துக்கு முன் எழுதுங்களேன்.