கருவாட்டுத் தூள் மூட்டை

— மறைக்காமச் சொல்லுலே சூசை. கோழித் தீனியில கலக்க வாங்குன கருவாட்டுத் தூள் மூட்டை, கட்டுப் பிரிக்காம வெறகு அடுக்குக்குப் பின்னால எப்படிப் போச்சு?

— நாந்தான் தள்ளுனேங்க்கா. கையால தொடல. கம்பு வச்சு நெம்பித் தள்ளுனேன்.

— பெரும்பாறைச் சந்தைக்குக் கொண்டுபோயி விக்கத்தானே?

— மாதா மேல சத்தியமா இல்லீங்க, சகாயராணிக்கா.

— பெறகு? சாமியாரு ஆசையா வாங்குன சீமைக் கோழிக்குஞ்சுக. பிஷப்பு விருந்துக்குக் கொழுத்து நிக்க வேண்டியது, காடை கணக்காச் சுருங்கிக் கெடக்கு. தூளுக்குப் பதிலா என்னத்தப் போட்ட?

— மொச்சைங்க. மலங்காட்டு மொச்சைய அரைச்சுப் புண்ணாக்கோட கலந்தேன். மீன்ல உள்ள சத்து பயறுலயும் இருக்குன்னு சாமியாரே சொன்னாருல்ல.

— அவிச்சா போட்ட?

— பச்சையாத்தான்.

— அடப்பாவி! பச்ச மொச்சை மனுசனுக்கே ஆகாது. குஞ்சு ஒடம்புல எப்படிலே ஒட்டும்? வறுத்தாவது போட்டிருக்கக் கூடாது?

— தெரியலீங்க. போட்டதையெல்லாம் கொத்துச்சுக. சேந்துருச்சுன்னு நெனச்சேன்.

— கருவாட்டத் தொட ஒனக்கு என்ன கேடு? சப்புக் கொட்டித் திங்கிறவன்தானே நீ?

— அத மட்டும் கேக்காதீங்கக்கா.

— சொல்லலைன்னா நீ திருடந்தான். சாமியாருட்ட அப்படித்தான் சொல்லுவேன். வேலையும் போயிரும், மிஷன் வீடும் போயிரும்.

— திருடன்னே சொல்லிருங்க. அது தேவல. இதச் சொல்ல நாக்கு கூசுது.

— சட்டைக்குள்ள என்னத்தப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற? செபமாலையா? காட்டு... ஏலே, இது உருத்திராட்சம்ல!

— பழனிக்கு மாலை போட்டிருக்கேங்க. என் வீட்டுக்காரிக்கு மூணாவது கருவும் தங்கல. மாதாவுக்கு எத்தனையோ மெழுகுத்திரி ஏத்தியாச்சு. அவ ஆத்தாதான், தைப்பூசத்துக்கு நடந்துபோயிட்டு வாங்கன்னு அழுதாங்க. ஞாயித்துக்கெழம பூசையில நன்மை அப்பம் வாங்க நாக்க நீட்டும்போது, பூமி பொளந்து உள்ள போயிரலாம்னு இருக்கும். விரதத்துல கருவாட்டத் தொட முடியல.

— எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுவேன்? கோயில்ல முன்வரிசையில முட்டிபோடுறவுக நீங்க. தீனி கலக்குறது ஒங்க சோலியாத்தானே இருந்துச்சு. மார்கழி பொறந்ததும், கை அரிக்குதுன்னு என் தலையில கட்டுனீங்க. இல்லாட்டி நான் மாட்டியிருக்க மாட்டேன். சரி, வாங்க, சாமியாருட்டப் போவம்.

— இருலே. கொரல ஏத்தாத.

— என்னங்க்கா, கதவச் சாத்துறீக?

— என் கையில அரிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கழுத்துல கெடக்குறதும் செபமாலை இல்லலே.