நாலாவது தட்டு

— மறுபடியும் காஞ்சு கெடக்கு. கண்ணு, கன்னத்தைக் காட்டு. பாரு, வெள்ளைப் பூச்சு அப்படியே இருக்கு. ஒரு கோடுகூட இறங்கல.

— சாரி டீச்சர்.

— நான் ஸ்கேலால மேஜையில நாலு தட்டு தட்டுறேன். மூணாவதுல போர்வையை விலக்கி அம்மா முகத்தைப் பாக்குற. நாலாவதுல கண்ணீர். போன வாரம் வரைக்கும் டாண்ணு வந்துச்சே!

— டீச்சர், நான் எந்திரிச்சுக்கவா? பெஞ்சுல படுத்துப் படுத்து முதுகு போச்சு.

— வாயாடி! நீ இவளோட அம்மா. செத்துட்ட. ஊமை நாடகத்துல உயிரோட இருக்கறவங்களே வாயத் திறக்கக்கூடாது, இங்க பிணம் பேசுது.

— பிணத்துக்கும் நாலரைக்கு ஸ்கூல் பஸ் இருக்கு டீச்சர்.

— மூடு. போர்வையை இழுத்து மூடு. கண்ணு, நீ இங்க வா. நாளைக்குப் போட்டி, இருபது ஸ்கூல் வருது. இத்தனை பிள்ளைங்க இருக்க உன்னை எதுக்கு இதுல போட்டேன்?

— எனக்கு அம்மா இல்லைன்னு.

— ச்சீ, அப்படிச் சொல்லாதே. உனக்கு அந்த உணர்ச்சி தெரியும்னு.

— முதல்ல நான்தானே டீச்சர் மகளா நடிச்சேன்? இவ அம்மா செத்து, லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே என்னைப் பிணமாக்கிட்டீங்க.

— உனக்கு அழ வந்துச்சா? கிளிசரின் போட்டோம். என்னாச்சு போன வருஷம்?

— வெள்ளையெல்லாம் கரைஞ்சு கழுத்து வரைக்கும் வழிஞ்சுது. நடுவர் சிரிச்சுட்டாரு.

— அதான். மூணு வருஷமா ரெண்டாம் பரிசு. ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பேரே "ரெண்டாவது". டீ ஊத்தும்போதுகூட ரெண்டாவது டம்ளரை என் பக்கம் தள்ளிட்டு இளிக்கிறாங்க. கண்ணு, இதைக் கேளு. அந்தச் சீப்பை நெனைச்சியா? அம்மா முடி சிக்கியிருந்த சீப்பு?

— நெனைச்சேன் டீச்சர். வரல.

— ஆஸ்பத்திரி லிஃப்ட்?

— அது முதல் வாரமே தீந்துபோச்சு.

— தீந்துபோச்சா? அது என்ன பென்சிலா, சீவிச் சீவித் தீர்றதுக்கு?

— அப்படித்தான் டீச்சர் இருக்கு. இப்பல்லாம் சீப்பை நெனைச்சா உங்க ஸ்கேல் சத்தம்தான் கேக்குது. நேத்து வீட்ல அந்தச் சீப்பை எடுத்தேன். ஒண்ணுமே ஆகல. அதுலயே தலை வாரிக்கிட்டு ஸ்கூலுக்கு வந்துட்டேன்.

— அப்ப புதுசா ஒண்ணு குடு. என்கிட்ட சொல்லாதது.

— எல்லாம் சொல்லிட்டேன் டீச்சர்.

— இல்ல. எல்லாருக்கும் ஒண்ணு இருக்கும், யார்கிட்டயும் சொல்ல முடியாதது. அதுதான் எனக்கு வேணும்.

— விட்டுருங்க டீச்சர், பாவம் அவ.

— பிணம் வாயத் திறந்தா நாளைக்கு மேடையில ஏறாது. கண்ணு, உங்கப்பா நாளைக்கு வர்றாரு, தெரியும்ல? உங்க பொண்ணு அவ அம்மாவுக்காகப் பண்றான்னு ஃபோன்ல சொல்லியிருக்கேன். அத்தனை பேர் முன்னாடி நீ காஞ்ச கண்ணோட நின்னா அவரு என்ன நெனைப்பாரு? இவளுக்கு அம்மா மேல பாசமே இல்லைன்னுதானே?

— அப்பா அப்படி நெனைக்க மாட்டாரு.

— நெனைச்சாலும் உன்கிட்ட சொல்லவா போறாரு?

— ஒண்ணு இருக்கு டீச்சர்.

— சொல்லு, சொல்லு.

— கடைசி நாள். மத்தியானம். அம்மா தண்ணி கேட்டாங்க.

— ம்.

— நான் பக்கத்துல கீழ பாய் போட்டுப் படுத்திருந்தேன். எந்திரிக்கச் சோம்பலா இருந்துச்சு. தூங்கற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். மூணு வாட்டி கூப்பிட்டாங்க. அப்புறம் கூப்பிடல.

— அய்யோ, இதை ஏன்டி என்கிட்டகூடச் சொல்லல?

— நீ அசையாதே! கண்ணு, அப்படியே இரு. என்னைப் பாரு. என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?

— "சின்னி, தண்ணி"ன்னு.

— போதும். தட்டுறேன். ஒண்ணு. சின்னி, தண்ணி. ரெண்டு. சின்னி, தண்ணி. எந்திரிக்கலையே நீ, படுத்தே கெடந்தியே! மூணு. போர்வையை விலக்கு. நாலு. வந்துருச்சு! ஒரே சொட்டு, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி! வெள்ளை கலையவே இல்ல. இதுதான் கண்ணு, இதுதான் முதல் பரிசு. நாளைக்கும் இதையே வெச்சுக்கோ. வீட்ல போய் நெனைச்சு நெனைச்சு வீணாக்கிடாதே, என்ன?

— டீச்சர், அது பொய்.

— எது?

— தண்ணி கேட்டது. கடைசி ரெண்டு நாள் அம்மாவுக்கு நினைவே இல்ல. சின்னின்னு என்னை யாரும் கூப்பிட்டதும் இல்ல.

— அட, ஆமாடி! சின்னி உங்க வீட்டுப் பூனையாச்சே!

— நெஜமா ஒண்ணு இருக்கு டீச்சர். அது தீந்துபோகக் கூடாது. அதான் இப்படிக் கதை கட்டிச் சொன்னேன்.

— அப்ப கண்ணீர்? அது எப்படி நெஜமா வந்துச்சு?

— அம்மா மூணு வாட்டி கூப்பிட்டாங்க, நான் எந்திரிக்கலன்னு சொன்னேன்ல? அப்ப நீங்க சிரிச்சீங்க.

— நானா? நான் எதுக்குச் சிரிக்கப்போறேன்?

— சிரிச்சீங்க டீச்சர். போர்வை ஓட்டை வழியா நானும் பாத்தேன்.

— பரவால்ல டீச்சர். நாளைக்கு முன்வரிசையில உக்காருங்க. நாலாவது தட்டுல என்னைப் பாத்து அதே மாதிரி சிரிங்க, வந்துரும்.