சுத்தமான அட்டை

— மாப்புக் கேக்க வந்தவங்க வாசல்லயே நின்னா எப்படி, நூரான் அண்ணி? உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க, காத்து மண்ணை அள்ளிக் கொட்டுது.

— உன் அண்ணன் நேத்தே மாப்புக் கேட்டுட்டுப் போனாராமே.

— ஆமா, கேட்டாரு. தினம் விடியக்காலையில வந்து என்னைக் குளிப்பாட்டுற மனுஷன், நேத்து கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டு வந்தாரு. "தஷ்ரீக், நானும் நூரானும் ஹஜ்ஜுக்குப் போறோம், என்னை மன்னிச்சிரு"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அது கெடக்கட்டும், கூசிஸ்டர் பணியாரம் கொண்டாந்தீங்களா?

— ஞாயித்துக்கிழமை அது இல்லாம வருவேனா? சூடு. தேங்காப்பூ உன் மடியில கொட்டும், தட்டைப் புடி.

— கொட்டட்டும். இடுப்புக்குக் கீழ என்ன கொட்டுனாலும் எனக்கென்ன தெரியப்போகுது?

— அப்படிப் பேசாத.

— விடுங்க. அப்ப பைக்ல ரெண்டு சக்கரம், இப்ப இந்த நாற்காலியில ரெண்டு பெரிய சக்கரம். டர்போதான் இல்ல. சரி, மாப்புக் குடுத்தாச்சு, கிளம்புங்க. ஹஜ்ஜுக்குக் கிளம்புறதுக்குள்ள இந்த மிட்செல்ஸ் பிளெய்ன்ல இன்னும் நாப்பது வீடு ஏறி இறங்கி மாப்புக் கேக்கணும் நீங்க.

— என்னன்னு தெரியாம குடுக்காத. கேளு. நீ ரேஸ்ல பைக்ல இருந்து விழுந்த அன்னிக்குக் காலையில எங்க பெரியம்மா ஹஜ்ஜுக்குக் கிளம்புனாங்க. அவங்களைப் பாக்க வந்த கூட்டத்துக்கு எங்க கராஜ்லதான் மேசை போட்டோம்.

— தெரியும். ஒம்பது சமோசா தின்னேன்.

— பைக்கை மூலையில தள்ளித் துணி போர்த்துனது நான்.

— அந்தக் கனத்தைத் தனியாவா?

— குறுக்க பேசாத தம்பி. அதுக்கு அடியில உன் அண்ணன் அட்டை போட்டு வெச்சிருந்தாரு.

— அட்டை இல்லாம இக்சான் அண்ணனா? எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துனதும் ஒழுக்குப் பாக்க அடியில அட்டை. காலையில பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்து படிப்பாரு. இந்தச் சொட்டு எஞ்சினோடது, இந்தச் சொட்டு டர்போவோடதுன்னு.

— அந்த அட்டையில எண்ணெய் இருந்துச்சு.

— என்னது?

— உள்ளங்கை அகலத்துக்கு. டர்போவுக்கு நேர் கீழ. எவனோ கழிச்சுப்போட்ட டீசல் வண்டியோட டர்போ. அதுல இருந்து எண்ணெய் திரும்பிப் போற ஹோஸை மூணு வாட்டி மாத்தி மாட்டுனாரே. பதினோரு வருஷமா அந்த மனுஷன் வாயில வேற பேச்சே கிடையாது. சொட்டுனா பின் டயர்ல பட்டு வழுக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் அந்த அட்டையை உருவிக் குப்பையில போட்டுட்டு, சுத்தமா வேற ஒண்ணு வெச்சேன்.

— ஏன் அண்ணி?

— வாசல்ல ஆள் வந்தாச்சு. சொன்னா, போட்டிருந்த வெள்ளைச் சட்டையோட பைக்குக்கு அடியில போய்ப் படுத்துருவாரு. பெரியம்மா முன்னாடி, இமாம் முன்னாடி. கூட்டம் கலைஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். பாத்திரம் கழுவிட்டு வந்து பாத்தா, பைக்கை ஏத்திக்கிட்டு ரெண்டு பேரும் ரேஸுக்குக் கிளம்பிட்டீங்க.

— போன் இருந்துச்சே.

— இருந்துச்சு.

— சரி, மேல சொல்லுங்க.

— "அட்டை சுத்தமா இருந்துச்சு நூரான், நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன்"னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்காரு. ஸ்பேனரைத் தொடல. இந்தப் பாரத்தோடயே அல்லாவோட வீட்டுக்கும் போகப்போறாரு. இன்னிக்குச் சாயங்காலம் அவர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன். மொதல்ல உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். திட்டு. தட்டைத் தூக்கி எறி.

— கூசிஸ்டரையா? எனக்கென்ன பைத்தியமா?

— தஷ்ரீக்!

— அண்ணி, டயரைச் சூடு பண்ணிட்டு ரேஸ் தொடங்குற கோட்டுக்கு வந்து நின்னேன். இடது பூட்ஸு வழுக்குச்சு. குனிஞ்சு பாத்தா பளபளன்னு இருக்கு.

— என்ன இருக்கு?

— எண்ணெய்தான். கிளவுஸால தொடைச்சுவிட்டேன். எட்டு செகண்டு ஓட்டம், அதுக்குள்ள என்ன ஆயிரும்னு. கையைத் தூக்கியிருந்தா அண்ணன் ஓடிவந்து நிறுத்தியிருப்பாரு. பக்கத்துத் தடத்துல நின்னவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். தூக்கல.

— உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நேத்து அவரு உன் கையைப் புடிச்சு அழுதப்ப வாயைத் தொறக்கல?

— தொறந்தேனே. "மன்னிச்சுட்டேன் அண்ணே"ன்னு சொன்னேன்.

— அடப்பாவி! இன்னிக்கே ரெண்டையும் சேத்துச் சொல்றேன் பாரு.

— சொல்லுங்க. ஹஜ்ஜு முடிஞ்சு வந்தப்புறம் என்னைக் குளிப்பாட்ட யாரு வருவா?

— அவருதான் வருவாரு. உன் கூடப் பொறந்தவரு.

— நான் விழறதுக்கு முன்னாடி, பைக் வேலை எதுவும் இல்லாம என் வீட்டு வாசலை எத்தனை தடவை மிதிச்சாரு? சொல்லுங்க பாப்போம்.

— பெருநாளைக்கு வருவாரு.

— வருஷத்துக்கு ரெண்டு. இப்ப தினம் வர்றாரு. முதுகு தேய்ச்சுவிடுறாரு. தண்ணி சூடான்னு கேக்குறாரு. வாப்பா எங்களை அடிச்ச கதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாரு. எனக்கு மிச்சம் இருக்கறது அந்த அரை மணி நேரம்தான் அண்ணி. அதுக்காக அவரை அழ விட்டுக்கிட்டிருக்கேன். நான் இப்படி. நீங்க நல்லவங்க, போய்ச் சொல்லுங்க.

— நான் நல்லவ இல்ல.

— பயந்துட்டீங்க, அவ்வளவுதான். பயத்துல ரெண்டு வருஷம் வாயைத் தொறக்கல.

— பயமில்ல தம்பி. பதினோரு வருஷம் சோத்தைத் தட்டுல போட்டுக் கராஜுக்குத் தூக்கிட்டுப் போனேன். பைக்கைப் பாத்துக்கிட்டே தின்னுட்டுத் தட்டைத் தரையில வெப்பாரு. நீ விழுந்ததுக்கப்புறம்தான் அந்த மனுஷன் வீட்டுக்குள்ள வந்து, எனக்கு எதிர்ல உக்காந்து, என் முகத்தைப் பாத்துச் சாப்புடுறாரு.