இரண்டு ஸ்டிக்குகளுக்கும் பொட்டு வைக்கப்பட்டது தொடர்பாக

வாக்குமூலம் கொடுப்பவர்: கந்தையா சிற்றம்பலம், வயது 54, ஜேர்மனி, கொலோன் நகரம், கால்க் பகுதி, மூன்றாம் மாடி. தொழில்: பொதி நிலையத்தில் பாரம் ஏற்றுதல். கணினி என் தொழில் அல்ல என்பதை முதலிலேயே பதியும்படி கேட்டேன், பதியப்பட்டது. நாள்: 8 ஒக்டோபர் 2009. மொழிபெயர்ப்பாளர்: திருமதி டொறத்தி. இவர் என் மனைவியுடன் தினமும் தொலைபேசியில் கதைப்பவர் என்பதால், நான் சொல்வது இன்று பின்னேரத்துக்குள் கொலோன் முழுவதும் போய்ச் சேரும் என்றேன். அது விசாரணைக்குத் தேவையில்லை என்று பொலிஸ் அதிகாரி அம்மையார் சொன்னார்.

நான் சொல்வதாவது: நாலு வருடத்துக்கு முன் எங்கள் தமிழ்ச் சங்கக் கணினியின் திரை வராமல் நின்றபோது, கழன்றிருந்த வயரை நான் செருகிவிட்டேன். அன்று முதல் சனங்கள் என்னைக் கொம்பியூட்டர் அண்ணை என்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

செப்டெம்பர் 26, சனிக்கிழமை, முறைப்பாட்டுக்காரரான குமாரசாமி தன் சின்ன மடிக்கணினியுடனும் ஒரே மாதிரியான இரண்டு கறுப்பு யூஎஸ்பி ஸ்டிக்குகளுடனும் என் வீட்டுக்கு வந்தார். கணினியில் வைரஸ். அதில் சீடி போட வழியில்லை. ஒரு ஸ்டிக், கணினியைப் புதிதுபோல் திருப்பி எழுப்பும் மீட்பு ஸ்டிக். மற்றதில், அவருடைய மனைவி சிவயோகம் கோயில் திருவிழாவில் பாடிய இருபத்துமூன்று நிமிட வீடியோ. அதன் பிறகு சிவயோகத்துக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. கமராவில் இருந்ததைக் குமாரசாமி முன்னமே அழித்திருந்ததால், மிஞ்சியது அந்த ஸ்டிக்கில் உள்ளது மட்டும்.

"அண்ணை, மீட்பு ஸ்டிக் துலைஞ்சால் இந்தப் பெட்டி குப்பை. அதை இமேஜ் எண்டு அச்சொட்டாப் பிரதி எடுக்கலாமாமே, எடுத்து வைச்சிட்டு, பெட்டியையும் திருத்தித் தாங்கோ. மற்றதைத் தொடாதேங்கோ," என்றார். "ஓம், இதுகூட எனக்கு விளங்காதே?" என்றேன்.

அதன்பின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் பேனா பிடிக்காதபடியால், சாமித்தட்டில் இருந்து குங்குமம் எடுத்து, அவர் பார்த்திருக்கவே மீட்பு ஸ்டிக்குக்கு ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு உள்ளது மீட்பு, பொட்டு இல்லாதது பாட்டு. இதைவிடத் தெளிவாக யாரும் செய்திருக்க ஏலாது என்று அன்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் கோப்புகளை மட்டும் பிரதி எடுத்தேன். பின்னர் இணையத்தில் வாசித்ததில், கணினியை எழுப்புகிற பகுதி கோப்பாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஸ்டிக்கின் தலைப்பக்கத்தில் இருக்குமென்றும், தலை முதல் வால் வரை முழுவதையும் எடுத்தால்தான் அந்த இமேஜ் எழும்புமென்றும் இருந்தது. அப்படியே வெற்றிடத்தையும் விடாமல் ஒரே இமேஜாக என் கணினியில் எடுத்தேன். அதன்பின் இரண்டு ஸ்டிக்குகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அன்று தேர்தல் நாள் ஆகையால் வாக்குப் போடப் போனேன். வழியில் இரண்டு பேருடன் கதைத்ததில் ஒன்றரை மணித்தியாலம் சென்றது.

அன்று சரஸ்வதி பூசையும்கூட. நான் இல்லாத நேரத்தில் என் மனைவி புஷ்பராணி மிக்சிக்கும், துளை போடும் மெசினுக்கும், கணினிக்கும் பொட்டு வைத்திருக்கிறார். மேசையில் ஒரு ஸ்டிக்குக்குப் பொட்டு இருக்க மற்றது வெறுமனே கிடந்ததைக் கண்டு, நான் மறந்துவிட்டேன் என்று எண்ணி அதற்கும் வைத்து, முன்னமே பொட்டு இருந்ததன்மேல் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருக்கிறார்.

திரும்பி வந்த நான் பூவுக்குக் கீழே பார்க்கவில்லை. பொட்டுடன் ஒரு ஸ்டிக் தெரிந்தது, எடுத்தேன். குசினிக்குள் இருந்து மனைவி, "இஞ்சாருங்கோ, பூசைக்கு வைச்ச சாமானை நாளைக்குத்தான் தொடலாம்!" என்றார். "கொம்பியூட்டருக்கு அந்தச் சட்டம் இல்லையப்பா," என்றேன்.

இமேஜ் சரியா என்று பார்க்க, அதை ஒரு ஸ்டிக்கில் எழுதி எழுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. ஆகையால், இமேஜ் எடுத்த அதே ஸ்டிக்தான் கையில் இருக்கிறது என்று நினைத்து, அதிலேயே திருப்பி எழுதத் துணிந்தேன். இதில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்று நிரல் கேட்டது. அது எப்போதும் கேட்பதால் நான் வாசிப்பதில்லை. சம்மதம் கொடுத்தேன்.

அதன்பின் குமாரசாமியின் கணினியில் செருகினேன். அது அருமையாக எழும்பியது. அதைக்கொண்டே அவருடைய கணினியையும் முழுக்க அழித்துப் புதிதாக்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலை சொன்னபடி முடிந்தது. சந்தோசத்தில் அவருக்குத் தொலைபேசி எடுத்து, "வாங்கோ, பெட்டி பிறந்த பிள்ளை மாதிரி இருக்கு," என்றேன்.

திங்கள் மாலை குமாரசாமியும் சிவயோகமும் வந்தார்கள். வடை வைத்தோம். பாட்டைப் போடச் சொன்னார்கள். ஒரு ஸ்டிக்கைச் செருகினேன், மீட்பு. மற்றதைச் செருகினேன், அதுவும் மீட்பு. மீண்டும் முதலாவதைச் செருகினேன். இப்படி ஆறு தடவை மாற்றினேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல், வடையை எடுத்துச் சாப்பிடும்படி சொன்னேன்.

"அண்ணை, உங்களை நம்பினன்," என்றார் குமாரசாமி. சிவயோகம் ஏதோ சொன்னார். குரல் வராததால் எனக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். "விடுங்கோ அண்ணை," என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதன்பின் தரவு மீட்கும் கடைக்கும் கொண்டுபோனேன். கோப்புகளை மட்டும் எழுதியிருந்தால் அடியில் ஏதாவது மிஞ்சியிருக்கும். நான் வெற்றிடத்தையும் சேர்த்து எழுதியதால் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். என் மனைவியிடம் பிழையில்லை.

இரண்டு ஸ்டிக்குகளும் இப்போது பிளாஸ்டிக் பையில், பொட்டுகளுடன், இந்த மேசையில் உள்ளன. வீடியோ இருந்தது எது என்று அதிகாரி கேட்டார். இரண்டும் இப்போது ஒன்றுபோலவே இருப்பதால் சொல்ல ஏலாது என்றேன். அழிந்தது என்ன பாட்டு, முறைப்பாட்டில் குறிக்க வேண்டும், நீர் கேட்டிருக்கிறீரா என்று கேட்டார். அந்தத் திருவிழாவில் நானும் நின்றேன். பின்வரிசையில் நின்று ஒரு கல்யாணக் குழப்பத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். என் குரல் வீடியோவில் விழுந்துவிட்டதென்று குமாரசாமி அப்போதே குறைப்பட்டார். நான் சொன்ன கதை முழுவதும் ஞாபகம் இருக்கிறது. சிவயோகம் என்ன பாடினார் என்பது ஞாபகம் இல்லை.

இவ்வளவும் திருமதி டொறத்தியால் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. கடைசி வரிகளை எடுத்துவிட ஏலுமா என்று கேட்டேன். ஏலாது என்றபடியால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) க. சிற்றம்பலம்