கம்பெனி மூடிப்போன காருக்குச் சொந்தம் தேடித் தந்த ஸ்டோர் அக்காவுக்கு

பொறுமையின் பொக்கிஷமே! போல்ட்டுக்கும் நட்டுக்கும் பொருத்தம் பார்த்த புண்ணியவதியே! கைவிடப்பட்ட கார்களைக் கண்போல் காத்த கருணைக் கடலே! இந்த ஒர்க்‌ஷாப்பின் உதிரிபாகக் கிடங்கைக் கட்டிக்காத்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ஸ்டோர் அக்காவே, வணக்கம்!

இத்தனை அடைமொழி எதற்கென்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். மடலை எழுதியவர் நம் பெயின்டர். மேல்பூச்சு இல்லாமல் எதையும் வெளியே அனுப்ப அவருக்கு மனம் வராது.

நாம் விற்று வந்த காரின் கம்பெனி ஒரு நாள் கதவைச் சாத்தியது. பெயர்ப்பலகை இறங்கியது, பாகங்கள் வருவது நின்றது, வண்டி வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். வெளியே கேட்டால் யானை விலை, குதிரை விலை. "வித்துத் தொலைங்க" என்று எல்லாரும் சொன்னபோது, "கம்பெனிதான் செத்துச்சு, வண்டி சாகலையே" என்றவர் நீங்கள்.

ஓடி ஓய்ந்த வண்டியின் நல்ல பாகங்களைக் கழற்றி, ஓடும் வண்டிக்கு மலிவாகப் பூட்டும் வழியைத் தொடங்கினீர்கள். அதற்கு நீங்கள் வைத்த ஒரே நிபந்தனை, கொடுத்தவர் யாரென்று வாங்கியவர் அறிய வேண்டும் என்பது. "இது டீச்சரம்மா வண்டி கியர்பாக்ஸ். போற இடத்துல கண்கலங்காம வச்சுக்கங்க" என்று டாக்ஸிக்காரரிடம் சொன்னீர்கள். அன்றிலிருந்து அவரும் டீச்சரம்மாவும் ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்றே அழைக்கிறார்கள். இந்தக் கூடத்தில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்று சம்பந்திகள்தாம். ஹாரன் சரியாக அடிக்காவிட்டால் கொடுத்தவர் வீட்டுக்கே போய்க் குறை சொல்கிறார்கள்!

அந்த நிபந்தனையை மீறியவர் நீங்கள் ஒருவர்தான், அக்கா.

உங்களிடமும் அதே கார் இருந்தது. காலை ஊன்ற முடியாத உங்கள் வீட்டுக்காரருக்குப் பஸ் படி ஏறுவது ஆகாத காரியம். "ரிட்டயர் ஆனதும் அவரை முன்சீட்டுல உக்கார வச்சு, கடலைக் காட்டப்போறேன்" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வீர்கள். ஒரு மழைநாளில் டாக்ஸிக்காரரின் ஸ்டார்ட்டர் மோட்டார் கருகியது. வண்டி நின்றால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. கிடங்கிலும் வேறு இல்லை. உங்கள் காரிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, "யாரோ கொடுத்தாங்க" என்றீர்கள். அப்புறம் ரேடியேட்டர், பானட், இடது கதவு என்று ஒவ்வொன்றும் யார் யாருக்கோ போயிற்று. ஒர்க்‌ஷாப் பின்கட்டில் செங்கல் மேல் கூடாக நின்றது உங்கள் வண்டி. வீட்டில் கேட்டால் "சர்வீஸ்ல இருக்கு" என்றீர்களாம். மூன்று வருடமாக அப்படி என்ன சர்வீஸ், தாயே!

போன மாதம் நம் மெக்கானிக் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தார். "எனக்குத் தெரியும்ப்பா. பொய் சொன்னா அவ குரல் கொஞ்சம் ஒசந்துரும்" என்று சிரித்தாராம். பிறகு, "எனக்குக் கடல் பார்க்காட்டி ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஆனா அவ ஆசைப்பட்டாளே" என்றாராம். திரும்பி வந்த மெக்கானிக் நேரே பின்கட்டுக்குப் போய், உங்கள் வண்டியில் இல்லாத பாகங்களைப் பட்டியல் போட்டார்.

சம்பந்திகளுக்குச் சொல்லி அனுப்பினோம். வேறு வண்டிக்கு மாறிவிட்ட டாக்ஸிக்காரர் தன் பழைய வண்டியையே கொண்டுவந்து நிறுத்தி, "வேண்டியதையெல்லாம் எடுத்துக்கங்க. அக்கா வண்டியோடதுன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். "அதனாலதானே சொல்லலை!" என்று டீச்சரம்மா அவரை அதட்டினார். அதட்டும்போதே அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு இரவில் பூட்டி, பகலில் தார்ப்பாய் போட்டு மறைத்தோம். இப்போது உங்கள் வண்டியின் இடது கதவு மஞ்சள், பானட் பச்சை, மீதி உங்கள் பழைய வெள்ளை. ஒரே நிறமாக அடித்துத் தருகிறேன் என்று பெயின்டர் கெஞ்சினார். நாங்கள்தான் விடவில்லை. எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியட்டும்.

அக்கா, நோய்நொடி அண்டாமல், நிம்மதி குன்றாமல், நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். வழியில் வண்டி எங்கே நின்றாலும் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம். இன்னும் இரண்டு பத்தி வாழ்த்து எழுதி வைத்திருக்கிறோம். அதைப் படிக்கப்போவதில்லை. வாசலில், முன்சீட்டில், உங்கள் வீட்டுக்காரர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

உங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட,
ஒர்க்‌ஷாப் பணியாளர்கள் அனைவரும், சம்பந்திகளும்