வெள்ளகோவில் லித்தியம்

— சிரிக்காதீங்க கிளாடிஸ். பேனர்ல 'லித்தியச் செம்மல்'னு போடச் சொன்னது நானில்லீங்க. பசங்க ஆசைப்பட்டாங்க.

— கோட்டு போட்டு நிக்கறது நீங்கதானே சென்னிமலை? பின்னால ராக்கெட்டு வேற பறக்குது. வெள்ளகோவில்ல எங்கீங்க ராக்கெட்டு?

— பேட்டரி எதுக்கெல்லாம் வேணுமுன்னு சனத்துக்குப் புரியோணுமல்லங்க. எங்க கெணத்து உப்புத் தண்ணிய மாடுகூட மோந்து பார்த்துட்டுப் போயிரும். அதுல லித்தியம்! பாத்தி கட்டி வெயில்ல சுண்ட வெச்சு, சலவைச் சோடாவைக் கலக்குனா வெள்ளை வெளேர்னு பொடியா அடியில தங்கிரும். வெளிநாட்டுல அப்படித்தானுங்க எடுக்கறாங்க.

— பாத்தி எங்க கட்டப்போறீங்க?

— பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாக்கா தோப்புல. நூத்தி நாப்பது தென்னை. நாளைக்குக் காலைல பொக்லைன் வருது. 'லேபு ரிப்போர்ட்டக் காட்டு, அப்புறம் மரத்துல கை வை'ன்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்குது. நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

— நீங்க கொண்டாந்த தண்ணியில லித்தியம் இருந்துச்சு, வாஸ்தவம். ஆனா எங்க லேபுப் பையன் லியோவை அனுப்பி, புது பாட்டில்ல அதே கெணத்துத் தண்ணி எடுத்தாரச் சொன்னேன். அதுல ஒண்ணுமே இல்லீங்க.

— ஒண்ணுமேயா?

— வெறும் உப்பு. நீங்க எதுல மொண்டீங்க?

— வாளியிலதான். நம்ம மோட்டார் பட்டறை வாளி. கிரீஸ் தீர்ந்துபோனா வாளியத் தூக்கியா எறியறாங்க? வெந்நி ஊத்திக் கழுவிப்போட்டா மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆகுமல்ல.

— அந்த கிரீஸே லித்தியம் சோப்புல செய்யறதுங்க. வாளி மேலயே எழுதியிருக்கும்.

— அந்தப் பக்கம் அழிஞ்சுபோச்சுங்க.

— அப்ப நாளைக்கு பொக்லைனை நிறுத்தச் சொல்லுங்க.

— மேடை போட்டாச்சுங்களே... அது கெடக்கட்டும். பீளமேட்டுல நம்ம காலேஜ் லேபு ஞாபகம் இருக்குதுங்களா? தொண்ணூத்து மூணு, பிராக்டிகல் பரீட்சை. கேஸ் வாசம், வெளிய மில்லுச் சங்கு. குடுத்த உப்பைத் தொட்டுத் தீயில காட்டுனா, என் கம்பியில குங்குமச் சிவப்பா சுடர்! லித்தியமுன்னேன். எக்ஸாமினர் எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. அன்னைலேருந்து லித்தியத்துக்கும் எனக்கும் ஒரு ராசிங்க.

— பர்னர்ல நீங்க முட்டை பொரிச்சதுகூட ஞாபகம் இருக்குது. மழையில ஒரே குடையில ஹோப்ஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். பஸ்ஸு வந்தும் நான் ஏறல.

— ரெண்டு பஸ்ஸை விட்டீங்க.

— மூணுங்க. சென்னிமலை, ஒண்ணு சொல்லோணும். பரீட்சையன்னைக்கு உங்க சுடர் முதல்ல மஞ்சள்தான். பயத்துல கை வேர்த்து, வேர்வை உப்பு கம்பியில ஏறிப்போச்சு. நீங்க கர்ச்சீப்பைத் தேடறப்ப, அமிலத்துல கழுவின என் கம்பியை உங்க உப்புல தொட்டு மாத்தி வெச்சேன். முப்பது வருசமா யார்கிட்டயும் சொன்னதில்ல.

— தெரியுமுங்க.

— தெரியுமா?

— ஓரக்கண்ணுல பார்த்துட்டுத்தான் இருந்தேன். வாளி மேல எழுதியிருந்ததையும் பார்த்தேன். கோயமுத்தூர்ல இத்தனை லேபு இருக்கறப்ப, உங்ககிட்ட எதுக்குங்க கொண்டாந்தேன்? இன்னொருக்கா மாத்தி வெப்பீங்கன்னுதான்.

— மயிலாத்தாக்கா, உள்ள வாங்க. காலைலேருந்து கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்திருந்தீங்களே, நீங்க கேட்ட லேபு ரிப்போர்ட்டை அவரே வாயால சொல்லிட்டாருங்க.